பதினைந்து நிமிடத்துக்குள் ஒப்பமிடுக

சாவியைத் தருகிறேன் அம்மா, தராமல் எங்கே போய்விடப் போகிறேன்? முதலில் உட்காருங்கள். இலஞ்சியிலிருந்து இந்த வெயிலில் பேருந்து ஏறி வந்திருக்கிறீர்கள். காப்பி கலந்து வைத்திருக்கிறேன். நானே போட்டதுதான். எட்டு மாதமாகப் போடுகிறேன், இன்னும் கைவரவில்லை. சர்க்கரை போதவில்லையென்றால் சொல்லுங்கள்.

உங்கள் முகத்தை இன்றுதான் பார்க்கிறேன். ஆனால் உங்கள் பெயரை ஆறு முறை படித்திருக்கிறேன். 'வாங்குபவர்: செண்பகவல்லி, கிராம சுகாதாரச் செவிலியர்.' ஒவ்வொரு முறையும் அந்தப் பத்திரம் கைப்பேசிக்கு வரும்போது, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்துவிட்டுத்தான் வைப்பேன். படிக்காமல் ஒப்பமிடுகிறவன் அல்லன் நான். முப்பத்தைந்து ஆண்டு அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவன். சிவசைலம் பார்த்த கோப்பு என்றால் மேலதிகாரி கண்ணை மூடிக்கொண்டு ஒப்பமிடுவார் என்று ஒரு பேச்சு உண்டு.

பழைய ஸ்கூட்டர் ஒன்றை விற்க ஆறு வாரமா என்று வாசலில் நின்றபடியே கேட்டுவிட்டீர்கள். நியாயமான கேள்வி. ஊர் ஊராகத் தடுப்பூசிப் பெட்டியைச் சுமந்து போகிறவருக்கு ஆறு வாரம் வண்டி இல்லாமல் இருப்பது எவ்வளவு துன்பம் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. பழி என்மீது வந்திருக்கிறது. விளக்கம் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். ஐந்து நிமிடம். அதற்குமேல் உங்களை நிறுத்த மாட்டேன்.

வண்டி என் பெயரில் இருக்கிறது. எனக்கு ஓட்டத் தெரியாது. பத்தொன்பது ஆண்டுகள் அதை ஓட்டியவள் என் மனைவி உலகம்மாள். கணக்கு ஆசிரியை. நான் பின்னால் அமர்ந்து போவேன், மடியில் பூக்குடலையோடு. காலையில் கோயிலுக்குப் போகும் அந்தப் பதினைந்து நிமிடமும் கண்ணை மூடிக்கொண்டு மனத்துக்குள் பதிகம் சொல்லிக்கொண்டிருப்பேன். அவள் முன்னாலிருந்து, "கண்ணத் தொறந்துக்கிடுங்க, பள்ளம் வருது" என்பாள். இரண்டு பாட்டுக்கு ஒரு பள்ளம் வரும். தென்காசிச் சாலைகள் உங்களுக்குத் தெரியாதவை அல்லவே.

அவள் போன பிறகு வண்டி சும்மா நின்றது. எங்களுக்கு மக்கள் இல்லை. அவளுடைய தம்பி ஒருநாள் வந்து, "அத்தான், நின்னா துருப்பிடிச்சுரும், வித்துருங்க" என்று சொல்லி, கைப்பேசியில் அந்தச் செயலியை இறக்கி, படம் எடுத்து, விலை போட்டு, பேருந்துக்கு நேரமாயிற்று என்று போய்விட்டான். இரண்டாம் நாளே நீங்கள் வாங்கச் சம்மதித்துவிட்டீர்கள். இனி நான் ஒப்பமிட வேண்டியதுதான் பாக்கி.

அந்த ஒப்பத்தைத் தாளில் போட முடியாது. இணைப்பு ஒன்று கைப்பேசிக்கு வரும். அதைத் திறந்து, பத்திரத்தைப் படித்து, ஆறு இலக்க எண்ணை இட்டால் ஒப்பமாயிற்று. ஆனால் 'பதினைந்து நிமிடத்துக்குள் ஒப்பமிடுக' என்று மேலே சிவப்பில் எழுதியிருக்கும். பக்கத்தில் ஒரு கடிகாரம் குறைந்துகொண்டே போகும். தவறினால் இணைப்பு காலாவதி.

முதல் இணைப்பு வந்தது ஒரு வியாழக்கிழமை, பிற்பகல் இரண்டு மணிக்கு.

நீங்களே சொல்லுங்கள். வியாழன் ஒன்றரை முதல் மூன்று வரை ராகுகாலம். அந்த நேரத்தில் வீட்டை விட்டு ஒரு பொருளை அனுப்பும் பத்திரத்தில் யாராவது ஒப்பமிடுவார்களா? நான் கைப்பேசியை மேசைமேல் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பதினைந்து நிமிடம் ஆயிற்று. எழுத்துகள் சாம்பல் நிறமாகிவிட்டன.

அரைமணி நேரத்தில் அழைப்பு வந்தது. கோயம்புத்தூரில் அவர்களுடைய அலுவலகம். பேசியது ஒரு பெண், ஜெசிந்தா என்று பெயர். தூத்துக்குடிப் பிள்ளை; பேச்சிலேயே தெரிந்துவிட்டது.

"சார், நீங்க ஏன் சைன் பண்ணல? லிங்க் ஓப்பன் ஆகலையா?"

"இணைப்பு திறந்தது அம்மா. காலம்தான் உகந்ததாக இல்லை."

"சார், நீங்க பேசுறது ரேடியோ நியூஸ் கேக்குற மாதிரியே இருக்கு" என்று சிரித்தாள். நான் ராகுகாலம் என்று விளக்கினேன். "சரி சார், வேற டைம்ல அனுப்பச் சொல்றேன். அது சிஸ்டம் தானா அனுப்புறது, டைம் எங்க கையில இல்ல" என்றாள். வைப்பதற்கு முன்னால், "சாப்பிட்டீங்களா சார்?" என்று கேட்டாள். வேலைக்காகக் கேட்டதாக இருக்கலாம். ஆனாலும் கேட்டாள். நான் அன்று சாப்பிட்டிருக்கவில்லை. வைத்ததும் போய் ரசம் வைத்தேன்.

இரண்டாவது இணைப்பு செவ்வாய்க்கிழமை ஒன்பது நாற்பதுக்கு வந்தது. எமகண்டம். மூன்றாவது புதன்கிழமை பதினோரு மணிக்கு, குளிகை. குளிகையில் செய்தது திரும்பத் திரும்ப நடக்கும் என்பார்கள். பொருள் வாங்குகிறவருக்கு நல்லது, விற்கிறவனுக்கு? வீட்டில் உள்ள ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டே இருக்குமே! ஏன் சிரிக்கிறீர்கள்? நீங்கள் செவிலியர், உங்களுக்கு இதெல்லாம் வேடிக்கை. ஜெசிந்தாவும் சிரித்தாள். நான்காவது அஷ்டமி. ஐந்தாவது வந்த அன்று சந்திரன் என் ராசிக்கு எட்டாமிடத்தில் இருந்தான். அன்று பேசவே கூடாது என்பார்கள். ஜெசிந்தா அழைத்தபோது பேசத்தான் செய்தேன். அழைத்தவரிடம் பேசாதிருப்பது பண்பன்று.

இந்த அழைப்புகளை நான் எதிர்பார்த்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். இணைப்பு காலாவதியானால் அரைமணிக்குள் அழைப்பார்கள் என்பது தெரிந்த செய்தி. அதற்கு ஆயத்தமாக இருப்பது மரியாதை. ஆகவே சவரம் செய்துகொண்டு, திருநீறு பூசி, சலவைச் சட்டை அணிந்து, நாற்காலியைச் சன்னல் பக்கம் இழுத்துப் போட்டு அமர்ந்திருப்பேன். சன்னல் பக்கம்தான் அலை நன்றாக எடுக்கிறது.

அந்தப் பெண்ணிடம் நான் நிறையக் கற்றுக்கொண்டேன். ஒருநாள் கேட்டேன்: "அம்மா, தாளில் போட்டால் என் கையெழுத்தின் வளைவு நெளிவு இருக்கும். எண்ணை இட்டவன் நான்தான் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவள் பொறுமையாகச் சொன்னாள். "உங்க ஃபோனுக்குள்ள ஒரு சாவி இருக்கு சார். அது ஃபோனை விட்டு வெளிய வரவே வராது. எங்களுக்குக்கூடத் தெரியாது. நீங்க நம்பர் போட்டா, அந்தச் சாவி உள்ளுக்குள்ளயே பத்திரத்துக்கு முத்திரை வைக்கும். அதுக்கு ஜோடியா இன்னொரு சாவி இருக்கு, அது வெளிய இருக்கும், யாரும் பாக்கலாம். அதை வச்சு முத்திரை சரியான்னு பாப்போம். ஜோடி சேந்துச்சுன்னா கையெழுத்து உங்களுதுதான்."

நான் சொன்னேன்: "மூலவர் கருவறையை விட்டு வெளியே வருவதில்லை. உற்சவர் வீதிக்கு வந்து எல்லோருக்கும் முகம் காட்டுகிறார். வீதியில் கண்டவரைக் கொண்டு உள்ளே இருப்பவரை உணர்கிறோம். அப்படித்தானே?"

"அட, எங்க டிரெய்னிங்ல இப்படிச் சொல்லியிருந்தா அன்னைக்கே புரிஞ்சிருக்கும்!" என்றாள். "எங்க ஊர்லயும் மாதா தேர்ல வருவாங்க தாத்தா."

தாத்தா என்றது அவளை அறியாமல் வந்தது. உடனே "சாரி சார்" என்றாள். பாதகமில்லை என்றேன்.

இன்னொன்றும் சொன்னாள். ஒப்பமிட்ட பிறகு பத்திரத்தில் ஓர் எழுத்தை, ஒரு புள்ளியை மாற்றினாலும் முத்திரை முறிந்துவிடுமாம். செல்லாது என்று தானே காட்டிக்கொடுத்துவிடுமாம். அதைக் கேட்டபோது எனக்கு அந்த யந்திரத்தின்மேல் மதிப்பு வந்தது. பாராயணம் செய்கிறவனுக்குத்தான் அதன் அருமை தெரியும். ஓர் எழுத்துப் பிழைத்தால் பாட்டைத் தொடக்கத்திலிருந்து சொல்வது என் வழக்கம். ஒருமுறை தொடங்கினால் நடுவில் எழுந்திருப்பதும் கிடையாது. உலகம்மாள் அதைத்தான் குறையாகச் சொல்வாள். "பால்காரன் நிக்கான், தபால்காரன் நிக்கான், இவுகளுக்குப் பாட்டு முடியணும்" என்பாள். அவள் பஞ்சாங்கமும் பார்க்கமாட்டாள். கணக்கு ஆசிரியை, மணியைப் பார்த்துப் புறப்படுவாள், அவ்வளவுதான்.

வண்டியின் நிலைமை எப்படி என்று கேட்க வேண்டும் என்று நினைக்கிறீர்கள் போலிருக்கிறது, வாசலையே பார்க்கிறீர்கள். ஒரு பழுதும் கிடையாது. சான்று சொல்கிறேன். சென்ற ஆண்டு ஐப்பசியில் ஒரு காலை. நான் பூசையறையில் இருந்தேன். கூடத்திலிருந்து, "இந்தாங்க, ஒரு நிமிஷம் வாங்களேன்" என்றாள். பாட்டின் நடுவில் இருந்தேன். பொறு என்று கையைக் காட்டினேன். மறுபடி அழைக்கவில்லை. சற்று நேரத்தில் வண்டி கிளம்பும் ஓசை கேட்டது. காய்கறி வாங்கப் போகிறாள் என்று எண்ணிக்கொண்டேன். எட்டுப் பாட்டு மீதி இருந்தது, முடித்தேன்.

நெஞ்சுவலியோடு தானே ஓட்டிக்கொண்டு மருத்துவமனைக்குப் போயிருக்கிறாள். மூன்று கிலோமீட்டர். ஒரு தள்ளாட்டம் இல்லை. வண்டி அப்படிப்பட்ட வண்டி. நான் போய்ச் சேர்ந்தபோது, வேப்பமரத்தடியில் ஒழுங்காக நிறுத்திப் பூட்டியிருந்தது. சாவி அவள் கைப்பைக்குள். இரண்டு நாள் இருந்தாள். நீங்கள் செவிலியர், எப்படி இருந்திருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். "பள்ளத்துல மட்டும் கொஞ்சம் வலிச்சுது" என்றாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை. நானும் ஒன்றும் கேட்கவில்லை.

அவள் புறப்பட்ட நேரத்தைப் பிறகு பஞ்சாங்கத்தில் பார்த்தேன். அமிர்தயோகம். நல்ல நேரம்தான்.

வேண்டாம் அம்மா, காப்பியைக் கீழே வைக்காதீர்கள். குடியுங்கள்.

இதை ஜெசிந்தாவிடமும் சொன்னேன், வண்டியைப் பற்றிய விவரம் என்ற முறையில். பதிவு செய்துகொள்வாள் என்று நினைத்தேன். பின்னால் மற்றப் பெண்கள் யார் யாரிடமோ பேசும் இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு, "தாத்தா, உங்களுக்கு அங்க யாரு இருக்கா?" என்றாள். ஈசன் இருக்கிறான் என்றேன். "அது சரி. வேற யாரு?" என்றாள். சின்னப் பெண் அல்லவா, அப்படித்தான் கேட்பாள்.

அடியார்கள் பாடிய பாட்டுகளில் பாதி பிரிவைப் பற்றியவை. தலைவனைக் காணாமல் உறங்காதிருப்பது, வாசலைப் பார்த்திருப்பது, காகத்தின் குரலுக்குக்கூட எழுந்து ஓடுவது. அறுபது ஆண்டாகப் படிக்கிறேன். அவையெல்லாம் இறைவனைக் குறித்தவை. வேறு விதமாகப் படிக்க எனக்குத் தெரியாது.

சரி, ஆறாவது இணைப்பு. அதையும் சொல்லிவிடுகிறேன். திங்கட்கிழமை, ஒன்பதரை மணி. ராகுகாலம் கழிந்துவிட்டது, எமகண்டம் இன்னும் வரவில்லை. வளர்பிறை, நல்ல திதி, நல்ல நட்சத்திரம். பஞ்சாங்கத்தை நான்கு முறை புரட்டினேன், ஒரு தடையும் இல்லை. அன்று ஒப்பமிடுவதாகத்தான் இருந்தேன். மூக்குக்கண்ணாடி கிடைக்கவில்லை. கண்ணாடி இல்லாமல் பத்திரத்தைப் படிக்க முடியாது. படிக்காமல் ஒப்பமிடுவது என் வழக்கமில்லை. தேடித் தேடிப் பார்த்தேன். பதினைந்து நிமிடமும் போய்விட்டது.

கண்ணாடியா? பஞ்சாங்கத்துக்குள் இருந்தது. பக்கம் மூடிக்கொள்ளாமல் இருக்க நடுவில் வைத்திருந்தேன். யாருக்கும் நேரக்கூடியதுதான்.

அன்று அழைத்தபோது அவள் குரல் சரியாக இல்லை. "இன்னைக்கு என்ன தாத்தா? நானே காலண்டர் பாத்தேன், எல்லாம் நல்லாத்தான இருந்துச்சு?" என்றாள். கண்ணாடி என்றேன். "ம்" என்றாள். சாப்பிட்டீர்களா என்று கேட்கவில்லை. நான்தான், "நீ சாப்பிட்டாயா அம்மா?" என்று கேட்டேன். "இன்னும் இல்ல" என்று வைத்துவிட்டாள்.

அந்த வெள்ளிக்கிழமை, இணைப்பு எதுவும் வருவதற்கு முன்னால் அவளே அழைத்தாள். பத்து நாற்பது இருக்கும். குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"தாத்தா, கொஞ்சம் கேளுங்க. ஒரே கேஸ் ஆறு தடவை திரும்பத் திறந்திருக்கு. மூணுக்கு மேல திறந்தாலே எங்க பேர்ல கரும்புள்ளி வைப்பாங்க. எனக்கு வச்சாச்சு. நம்ம பேசுன கால் எல்லாத்தையும் மேனேஜர் எடுத்துக் கேட்டிருக்காங்க. ஏழு நிமிஷத்துல முடிக்க வேண்டியது, முப்பது நிமிஷம் பேசியிருக்கன்னு. இன்னைக்குப் பன்னெண்டு மணிக்குள்ள முடிக்கலன்னா கேஸ வேற ஆளுக்கு மாத்திட்டு, என்னைய வேலைக்கு வேணுமா வேண்டாமான்னு பாப்பாங்களாம். அம்மாக்கு நான் அனுப்புறதுதான் தாத்தா."

நான் எழுந்து சன்னல் பக்கம் போனேன்.

"இப்ப லிங்க் வரும். ராகுகாலம்னு எனக்கும் தெரியும். வெள்ளிக்கிழமை பத்தரை பன்னெண்டு. உங்களால எனக்கே மனப்பாடம் ஆயிருச்சு. உங்களக் கட்டாயப்படுத்தல. வாங்குறவங்க நர்ஸு, நடந்தே போயிட்டு இருக்காங்கன்னு மட்டும் சொல்றேன்." ஆம் அம்மா, உங்களைத்தான் சொன்னாள்.

இணைப்பு வந்தது. கடிகாரம் பதினைந்திலிருந்து குறையத் தொடங்கியது. அவள் வைக்கவில்லை, மூச்சு கேட்டுக்கொண்டிருந்தது. எழுபத்து நான்கு வயதில் இதுவரை ராகுகாலத்தில் ஒரு கடிதத்தைக்கூட அஞ்சல்பெட்டியில் போட்டவன் அல்லன் நான். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டேன். பத்திரத்தைப் படித்தேன், அதை மட்டும் விடவில்லை. 'விற்பவர்: சிவசைலம். வாங்குபவர்: செண்பகவல்லி.' உலகம்மாளின் பெயர் எங்கும் இல்லை. இருக்க வேண்டிய தேவையும் இல்லை. சட்டப்படி அவளுக்கும் வண்டிக்கும் தொடர்பு கிடையாது.

"தாத்தா, இருக்கீங்களா?"

"இருக்கிறேன் அம்மா."

"நம்பரச் சத்தமாச் சொல்லிராதீங்க. எங்கிட்டகூடச் சொல்லக் கூடாது."

"உபதேசம் பெற்றவன் மந்திரத்தை ஊருக்குச் சொல்வதில்லை" என்றேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. ஆறு எண்களையும் ஒவ்வொன்றாகத் தொட்டேன். பச்சை நிறத்தில் ஒரு குறி வந்தது.

"வந்துருச்சு! வந்துருச்சு தாத்தா, முத்திரை சேந்துருச்சு!" என்றாள். பெரிய மூச்சு விட்டாள். பிறகு குரலை மாற்றிக்கொண்டாள். பக்கத்தில் யாரோ வந்து நின்றிருக்க வேண்டும். "நன்றி சார். உங்களுக்கு வேறு ஏதாவது உதவி தேவைப்படுகிறதா?"

தூய தமிழில் கேட்டாள். எழுதிக் கொடுத்ததைப் படிக்கிறாள் என்பது தெரிந்தது. அவள் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. நான் யோசித்தேன். வேறு என்ன உதவி? வண்டியைத் தவிர நான் எதையும் விற்பனைக்குப் போடவில்லையே.

"இல்லை அம்மா" என்றேன். "இந்த நாள் இனிய நாளாகட்டும்" என்று வைத்துவிட்டாள்.

இன்றோடு ஆறு நாள். நடுவில் இரண்டு முறை நானே அந்த எண்ணுக்கு அழைத்துப் பார்த்தேன், வண்டியை எப்போது எடுத்துப்போவீர்கள் என்று விசாரிக்கத்தான். வேறு வேறு குரல்கள். ஜெசிந்தாவோடு பேசலாமா என்றேன். "குறிப்பிட்ட நபரோட இணைக்க வசதி இல்ல சார், நான் ஹெல்ப் பண்றேன் சொல்லுங்க" என்றார்கள். நல்ல பிள்ளைகள்தான். சொல்ல ஒன்றும் இல்லை.

சாவி இதோ. பதிவுச் சான்று, காப்பீடு எல்லாம் இந்த உறையில் இருக்கின்றன. ஒன்றே ஒன்று, உங்களிடம் கேட்டுத் தெளிய வேண்டும். நீங்கள் படித்தவர், அரசு வேலையில் இருக்கிறவர், இந்த முறைகள் தெரியும். ஒப்பமிட்ட அன்றே எனக்கு ஒரு படிவம் வந்தது. இதோ பாருங்கள். 'உங்கள் கோரிக்கை முழுமையாக நிறைவேறியதா?' கீழே இரண்டு கட்டம். ஆம், இல்லை. அதற்கும் கீழே சின்ன எழுத்தில், 'இல்லை எனில் எங்கள் பிரதிநிதி உங்களைத் தொடர்புகொள்வார்.' ஏழு நாள் கெடு. நாளையோடு போய்விடும்.

நான் 'இல்லை' என்பதைத் தொட்டால், அந்தப் பிரதிநிதி என்பவர் அவளாகத்தான் இருப்பாளா? அவள் பார்த்த கோரிக்கைதானே இது? கோப்பு அவளிடம்தானே திரும்பிப் போக வேண்டும்? எங்கள் அலுவலகத்தில் அப்படித்தான்.

அப்படியில்லையா? மேலிடத்துக்குப் போகுமா?

விசாரிப்பார்களா? யாரை?

அவளையா?

ஏற்கெனவே ஒரு கரும்புள்ளி இருக்கிறது அவளுக்கு. ஆமாம், நானும் அதைத்தான் நினைத்தேன். ஆறு நாளாக அதை நினைத்துத்தான் தொடாமல் வைத்திருந்தேன். சும்மா விட்டுவிட்டால் என்ன ஆகும்? விடை வராவிட்டாலும் அவளுடைய மதிப்பெண் குறையுமா? அப்படியானால் தொட்டுத்தான் ஆகவேண்டும்.

மணி என்ன ஆகிறது என்று கேட்கப் போவதில்லை. எதுவாக இருந்தால் என்ன?

'ஆம்.' தொட்டுவிட்டேன் அம்மா. சரியாகத் தொட்டேனா? நீங்களும் பார்த்துச் சொல்லுங்கள், கண்ணாடி இருந்தும் இந்தச் சின்ன எழுத்து... 'நன்றி. இந்தக் கோரிக்கை முடித்துவைக்கப்பட்டது.' சரி. அவளுக்கு ஒரு நன்மை ஆயிற்று.

ஒரு நிமிடம் பொறுங்கள், ஏதாவது வருகிறதா என்று பார்க்கிறேன்.

இல்லை. ஒன்றும் வரவில்லை. உங்களுக்கு நேரமாகிறது, புறப்படுங்கள்.